பல்புக்குள் ஒரு சின்னக் கிண்ணம்: மோட்டார் சைக்கிள் ஹெட்லைற்றின் கதை

வல்லை வெளியால இரவில வந்த ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருநெல்வேலியில் லெக்சர் முடிந்து கோப்பாய், நீர்வேலி, புத்தூர் எல்லாம் தாண்டி வரும்வரை றோட்டோரம் ஏதாவது கடை, வீடு, கோயில் வெளிச்சம் இருக்கும். வல்லை வந்ததும் எல்லாம் முடிந்துவிடும். ரெண்டு பக்கமும் வெளி, நீரேரி, காத்து. முன்னால இருக்கிறது உங்கட ஹெட்லைற் காட்டுகிற அளவு உலகம் மட்டும்தான்.

என்னுடைய பைக்கில் அந்த உலகம் மிகச் சின்னது. இந்தியத் தயாரிப்பு, பழசு, மாமா பாவித்துவிட்டுத் தந்தது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினபிறகு புது பைக் என்ற கதையே எங்கட வீட்டில் எழும்பவில்லை. மஞ்சளாய், அழுது வடிகிற மாதிரி ஒரு வெளிச்சம். பின்னேர வகுப்பு முடிந்து தனிய வருகிற பெண்பிள்ளைக்கு அது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. மாடு நிற்கிறதோ, குழி இருக்கிறதோ, ஆள் நிற்கிறதோ என்று தெரியவேணும். அதனால் போன வருசம் ஒரு எல்.ஈ.டி. பல்ப் வாங்கிப் போட்டேன். பழைய பல்பைக் கழற்றி இதைச் செருகினால் சரி, பத்து நிமிச வேலை. அண்டைக்கு இரவு வல்லை வெளி பகல் மாதிரி இருந்தது. எனக்குச் சரியான சந்தோசம்.

மூன்றாம் நாள் எதிரில் சைக்கிளில் வந்த ஒரு ஐயா, கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். அடுத்த கணம் தார் றோட்டை விட்டு இறங்கி மண்ணில் விழுந்துவிட்டார். நான் பைக்கை நிப்பாட்டி ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் உரசல், பெரிசாய் ஒன்றும் இல்லை. அவர் ஏசவும் இல்லை. சாரத்தில் மண்ணைத் தட்டிக்கொண்டு ஒன்றுதான் சொன்னார்: "பிள்ளை, உமக்கு றோட்டு நல்லாத் தெரிஞ்சிருக்கும். எனக்கு ஒண்டுமே தெரியேல்ல."

நான் வரலாறு படிக்கிற பிள்ளை. மின்சாரமும் பௌதிகமும் எனக்குத் தூரம். ஆனால் அந்த வசனம் என்னை விடவில்லை. என்ன பிழை விட்டேன் என்று தேடப் போய், கடைசியில் ஹெட்லைற்றின் நூறு வருசக் கதைக்குள் வந்து நின்றேன். அந்தக் கதை முழுக்க ரெண்டு கேள்விதான் மாறி மாறி வருகிறது. ஒன்று, எனக்கு எப்படித் தெரியவைப்பது? மற்றது, எதிரில வாறவருக்கு எப்படித் தெரியாமல் போகாமல் பார்ப்பது?

கல்லும் தண்ணியும்

முதல் மோட்டார் சைக்கிள்களில் மின்விளக்கு இல்லை. எண்ணெய் விளக்கு இருந்தது, அதற்குப் பிறகு காபைட் விளக்கு வந்தது. மாம்பழம் பழுக்க வைக்கிறதுக்குக் களவாய்ப் பாவிக்கிறார்கள் என்று நாங்கள் கேள்விப்படுகிற அதே கல்சியம் காபைட்தான். அதில் தண்ணீர் பட்டால் அசற்றிலீன் வாயு வரும், அதைக் கொளுத்தினால் நல்ல வெள்ளை வெளிச்சம். அசற்றிலீனை எட்மண்ட் டேவி 1836 இலேயே கண்டுபிடித்திருந்தாலும், 1892 இல் தோமஸ் வில்சன் காபைட்டை மின்னுலையில் மலிவாகச் செய்யும் வழியைக் கண்ட பிறகுதான் அது றோட்டுக்கு வந்தது.

விளக்கின் மேல் தட்டில் தண்ணீர், கீழ்த் தட்டில் காபைட். இடையில் ஒரு சின்னத் திருகாணி. அதைத் திருகித் துளித்துளியாகத் தண்ணீரை விடவேணும். கூட விட்டால் சுடர் பொங்கும், குறைய விட்டால் அணையும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும். பயணம் முடிந்தபிறகு அடியில் தேங்கிய சுண்ணாம்புச் சேற்றைச் சுரண்டிக் கழுவவேணும். 1904 இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் தொடங்கிய பிறெஸ்ட்-ஓ-லைற் கம்பனி, இந்த வாயுவைச் சிலிண்டரில் அடைத்து விற்றது. அந்தக் காசில் வளர்ந்த கார்ல் ஃபிஷரும் ஜேம்ஸ் அலிசனும்தான் பிறகு இண்டியானாபொலிஸ் கார்ப் பந்தயத் திடலைக் கட்டிய நால்வரில் இருவர்.

இதில் கவனிக்கவேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. 1920களில் கூடப் பல மோட்டார் சைக்கிள்கள் விளக்கு இல்லாமல்தான் விற்கப்பட்டன. விளக்கு வேணுமெண்டால் தனியாகக் காசு கட்டி வாங்கிப் பூட்டவேணும். ஆகவே ஹெட்லைற்றை மாற்றிப் பூட்டுகிற பழக்கம் இண்டைக்கு நேற்று வந்ததில்லை. கராச்சில் நாங்கள் செய்கிறதை அந்தக் காலத்து ஓட்டுநர்கள் முதல் நாளே செய்தார்கள்.

வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது?

மின்விளக்குக்கு மின்சாரம் வேணும். மோட்டார் சைக்கிளில் அது எஞ்சினிலிருந்துதான் வரவேணும். ஜெர்மனியில் பொஷ் நிறுவனம் 1913 இல் டைனமோ, பற்றறி, விளக்கு எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதியைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் சைக்கிள் விளக்குச் செய்து பெயர் எடுத்த லூக்காஸ் நிறுவனம், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மக்னீற்றோவையும் விளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற டைனமோவையும் ஒன்றாக்கி 'மக்டைனோ' என்று மோட்டார் சைக்கிள்களுக்கு விற்றது. அவை 6 வோல்ற் காலங்கள்.

இந்த 6 வோல்ற்றை எங்கட அப்பாமார், அப்பப்பாமாருக்கு நல்லாத் தெரியும். 1958 இல் ஹோண்டா வெளியிட்ட சுப்பர் கப் சி 100, அதன் வழியில் வந்த சி 50, சி 90 என்று யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடின பழைய வண்டிகள் எல்லாம் 6 வோல்ற்தான். கப் வகை 12 வோல்ற்றுக்கு மாறத் தொடங்கியது 1980களில். ஏன் மாறினார்கள் என்பதற்குள் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கணக்கு என்றவுடனே ஓடாதேங்கோ, இது லேசானது.

25 வாற் பல்ப் ஒன்று 6 வோல்ற்றில் எரிய 4 அம்பியருக்குக் கொஞ்சம் கூடுதலான மின்னோட்டம் வேணும். 12 வோல்ற்றில் அதன் அரைவாசி போதும். வயரில் வீணாகிற வோல்ற், மின்னோட்டத்தோடு சேர்ந்து கூடும். அப்ப 12 வோல்ற்றில் இழப்பு அரைவாசி. இருக்கிற வோல்ற்றோ ரெண்டு மடங்கு. ஆகவே அதே வயரில் வீணாகிற பங்கு நாலில் ஒன்றாகக் குறைகிறது. பல்பின் வாற்றைக் கூட்டாமல், வயரைக் கூட மாற்றாமல் கிடைத்த வெளிச்சம் அது.

இதைவிட ஆச்சரியமான விசயம் இழை பல்பின் குணம். வோல்ற் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் 10 வீதம் குறையும் என்றுதானே நினைப்போம்? இல்லை, கிட்டத்தட்ட 30 வீதம் குறைந்துவிடும். இழை கொஞ்சம் குளிர்ந்தாலே ஒளி மஞ்சளாகிச் சுருங்கிப்போகும். மறுபக்கம், வோல்ற் 5 வீதம் கூடினால் பல்பின் ஆயுள் அரைவாசியாகும். பழைய வண்டிகளில் ஹெட்லைற் போனால் கொஞ்ச நேரத்தில் பின் லைற்றும் போகிறதுக்குக் காரணம் இதுதான். மக்னீற்றோவிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கிற வண்டியில், பெரிய பல்ப் எரிந்துபோனதும் மிச்ச மின்சாரம் எல்லாம் சின்னப் பல்பில் போய் விழும்.

கிண்ணம் வந்த வருசம்

வெளிச்சம் கூடக் கூட ரெண்டாவது கேள்வி எழும்பியது. எதிரே வருகிறவரின் கண் கூசினது. ஆரம்பத்தில் விளக்கைக் கையால் கீழே சாய்ப்பது, ஒரு விளக்கை அணைப்பது என்று பலதும் செய்து பார்த்தார்கள். 1925 இல் ஒஸ்ராம் நிறுவனம் 'பிலுக்ஸ்' என்ற பல்பைக் கொண்டுவந்தது. ஒரே பல்புக்குள் ரெண்டு இழை. ஒன்று தூர வெளிச்சத்துக்கு, மற்றது கிட்ட வெளிச்சத்துக்கு. நாங்கள் 'டிம்' அடிக்கிறம் என்று சொல்லுகிறது அந்த ரெண்டாவது இழையைத்தான்.

அந்த ரெண்டாவது இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கும். எரிந்துபோன பழைய ரெண்டு இழைப் பல்ப் ஒன்றை எடுத்துப் பாருங்கோ, கண்ணாடிக்குள் தெரியும். இழையின் ஒளி கீழ்ப்பக்கம் போகாமல் அந்தக் கிண்ணம் தடுக்கிறது. ஒளி விளக்கின் வளைந்த கண்ணாடியின் மேற்பாதியில் மட்டும் பட்டு, அங்கேயிருந்து கீழ்நோக்கித் திரும்பி றோட்டில் விழும். கிண்ணம் இல்லாவிட்டால் கீழ்ப்பாதியில் பட்ட ஒளி மேல்நோக்கித் திரும்பி, எதிரில் வருகிறவரின் முகத்தில் விழும்.

யோசித்துப் பார்த்தால் எனக்கு இது பெரிய விசயமாகப் பட்டது. அவ்வளவு கஷ்டப்பட்டு உண்டாக்கின வெளிச்சத்தில் ஒரு பங்கை, முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணுக்காக வேணுமென்றே மறைக்கிறது அந்தக் கிண்ணம். கூட வெளிச்சம் தருவதற்கு அது ஒன்றும் செய்வதில்லை. றோட்டில் இன்னொருவரும் இருக்கிறார் என்பதை மட்டும் நினைவு வைத்திருக்கிறது.

விளக்கை மூடின காலங்கள்

வெளிச்சம் உயிரைக் காப்பாற்றும் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். வெளிச்சமே உயிருக்கு ஆபத்தான காலங்களும் இருந்தன. 1939 செப்டெம்பர் 1 இல் பிரித்தானியா நாடு முழுக்க இருட்டடிப்பைக் கொண்டுவந்தது. குண்டுவீச்சு விமானங்களுக்கு எதுவும் தெரியக்கூடாது. வாகன விளக்குகளுக்கு முகமூடி போட்டார்கள், நடைபாதை ஓரங்களுக்கு வெள்ளை அடித்தார்கள். றோட்டில் ஓடின வாகனங்கள் குறைந்திருந்தும் 1941 இல் வீதி விபத்துகளில் 9,169 பேர் இறந்தார்கள். அந்த நாட்டின் வரலாற்றிலேயே வீதிச் சாவு ஆகக் கூடின வருசம் அது.

இதை வாசித்தபோது எனக்கு அப்பா சொன்ன கதைகள்தான் ஞாபகம் வந்தன. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பெற்றோலும் பற்றறியும் தடை செய்த பொருட்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. நாலைந்து சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். "ஹெட்லைற் நல்லா எரிஞ்ச வண்டியும் இரவில லைற் போடாமத்தான் ஓடினது. மேல ஹெலி சத்தம் கேட்டா நிப்பாட்டிப்போட்டு வேலிக்கரையில ஒதுங்கிறது" என்பார் அப்பா. நிலவு வெளிச்சத்தில் றோட்டின் வெள்ளை மணலைப் பார்த்து ஓட அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியத் தேவையில்லாத காலத்தில் நான் பிறந்ததுக்கு நன்றி.

பல வருசம் வெளிச்சத்துக்குப் பயந்து ஓடின ஊர், கையில் கிடைத்தவுடன் ஆகக் கூடின வெளிச்சத்தைப் பூட்டுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த வெளிச்சம் ஆருடைய முகத்தில் விழுகிறது என்று கேட்காமல் விடுவதுதான் பிரச்சினை.

ஹலோஜனும் எல்.ஈ.டி.யும்

பழைய பல்பில் தங்ஸ்தன் இழை சூடாகி மெல்ல மெல்ல ஆவியாகும். அந்த ஆவி கண்ணாடியில் படிந்து பல்ப் கறுக்கும். 1950களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வாளர்கள், பல்புக்குள் கொஞ்சம் அயடீன் சேர்த்தால் அது ஆவியான தங்ஸ்தனைப் பிடித்துத் திரும்ப இழையிலேயே கொண்டுபோய் விடும் என்று கண்டார்கள். அதுதான் ஹலோஜன் பல்ப். இழையைக் கூடுதலாகச் சூடாக்கலாம், வெளிச்சம் வெள்ளையாகும். ஐரோப்பாவில் 1962 இல் எச் 1 என்ற ஒற்றை இழைப் பல்பும் 1971 இல் ரெண்டு இழை எச் 4 பல்பும் வந்தன. எச் 4 இலும் அந்தக் கிண்ணம் இருக்கிறது.

எங்கட சின்ன பைக்குகளில் இருக்கிறது அதன் தம்பி, எச்.எஸ். 1. எச் 4 இல் தூரத்துக்கு 60 வாற், கிட்டத்துக்கு 55 வாற். எச்.எஸ். 1 இல் ரெண்டுக்கும் 35. உருவம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் சிலர் எச் 4 ஐ, இன்னும் சிலர் 100 வாற் பல்பைக் கூட, அதற்குள் செருகுவார்கள். சின்ன எஞ்சினால் அவ்வளவு மின்சாரம் தர ஏலாது. பற்றறி இறங்கும், சுவிச்சு உருகும், வயர் சுடும், பிளாஸ்டிக் விளக்குக்கூடு வளையும்.

அடுத்தது எல்.ஈ.டி. 1990களில் ஜப்பானில் நல்ல நீல எல்.ஈ.டி. செய்யப்பட்டதால்தான் வெள்ளை எல்.ஈ.டி. சாத்தியமானது. அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. குறைந்த மின்சாரம், கூடின வெளிச்சம், நீண்ட ஆயுள். எல்.ஈ.டி.க்கென்றே வடிவமைத்த ஹெட்லைற் மிகவும் நல்லது, அதில் சந்தேகமில்லை.

நான் செய்தது அது இல்லை. மெல்லிய ஒரு இழை, மில்லிமீற்றர் கணக்கில் சரியான இடத்தில் எரியும் என்று நம்பி வார்த்த ஒரு விளக்குக்கூட்டுக்குள், வேற உருவத்தில், வேற இடத்தில் எரிகிற ஒரு பொருளைச் செருகினேன். கண்ணாடியின் வளைவுக்கு அது புரியவில்லை. ஒளி கண்டபடி சிதறியது. நான் வாங்கின பல்பில் கிண்ணம் பேருக்கு ஒரு தகடாக மட்டும் இருந்தது. நான் டிம் அடித்துத்தான் வந்தேன், ஆனால் அந்த ஐயாவுக்கு அது டிம் இல்லை. அதோடு வயதின் கணக்கும் இருக்கிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கூசின கண் திரும்பத் தெளிய எடுக்கிற நேரமும் அவர்களுக்குக் கூட.

கடைசியில் என்ன செய்தேன்?

நெல்லியடிப் பக்கம் ஒரு கராச் அண்ணை பழைய வண்டி வேலையில் கெட்டிக்காரர். கதையைச் சொன்னதும் பல்பைத் தொடவே இல்லை, மீற்றரைத்தான் எடுத்தார். பழைய 35 வாற் பல்பைத் திரும்பப் பூட்டி, எஞ்சின் ஓடப் பார்த்தோம். பற்றறியில் 13.4 வோல்ற். பல்பின் காலில் 11.3. "பாத்தீரோ, ரெண்டு வோல்ற்றை வழியிலயே ஆரோ தின்னுறான்" என்றார். தின்றது பாசி பிடித்த சுவிச்சும், துருப்பிடித்த ஏர்த் இணைப்பும், மெல்லிய வயரும்.

அவர் செய்தது ஒரு ரிலே. பற்றறியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த வயரில் மின்சாரம் நேரே பல்புக்குப் போகும். கைப்பிடியில் இருக்கிற சுவிச்சு ரிலேக்குக் கட்டளை மட்டும் கொடுக்கும், பாரம் சுமக்காது. ஏர்த் வயரைச் சுரண்டிப் புதுசாய்ப் பூட்டினார். திரும்ப அளந்தபோது பல்பில் 13.1 வோல்ற். முதல் சொன்ன கணக்குப்படி, அதே பல்பில் ஒன்றரை மடங்குக்கு மேல் வெளிச்சம். பல்புக்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவில்லை. ஆயுள் கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை. ஒன்று கவனியுங்கோ: ஹெட்லைற் பற்றறியில் எரிகிற வண்டிக்குத்தான் இந்த வழி. எஞ்சினை ரேஸ் பண்ண வெளிச்சம் கூடி, விட்டால் மங்குகிற வண்டி என்றால் அது மக்னீற்றோவில் எரிகிறது. அதை முதலில் பற்றறிக்கு மாற்றவேணும், எஞ்சின் தருகிற மின்சாரம் போதுமா என்றும் பார்க்கவேணும்.

பிறகு மங்கின முன் கண்ணாடியை மினுக்கினோம். கடைசியாய்ச் சுவருக்கு முன் 5 மீற்றரில் வண்டியை நிறுத்தி, என்னை ஏறி இருக்கச் சொன்னார். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் கோடு போட்டு, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்ரிமீற்றர் கீழே வரும்வரை திருகாணியைத் திருப்பினார். பின்னால் ஆள் ஏறினால் முன்விளக்கு மேல்நோக்கும் என்பதையும் அப்பதான் அறிந்தேன்.

வல்லை வெளி இப்ப பகல் மாதிரி இல்லை. ஆனால் மாடு தெரிகிறது, குழி தெரிகிறது, எனக்கு அது போதும். எதிரில் சைக்கிள் வந்தால் கொஞ்சம் முன்னமே டிம் அடிக்கிறேன்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கோ. இண்டைக்கு இரவு உங்கட பைக்கை ஒழுங்கையில் நிப்பாட்டி, டிம்மில் லைற்றைப் போட்டுவிட்டு, கூட்டாளியை அதில இருக்கச் சொல்லுங்கோ. நீங்கள் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தால வாருங்கோ. கையைத் தூக்கிக் கண்ணை மறைக்கவேண்டி வந்தால், உங்கட பல்புக்குள்ளயும் அந்தக் கிண்ணம் இல்லை.